சுப்பாராவ் பார்க்காமல் போன பயன்

தாராபுரத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் அறிக்கையில் 'ஈசினோபில்' என்ற வரியைக் கண்டிருப்பார்கள். எண் கூடியிருந்தால் 'ஈசினோபீலியா' என்ற பேச்சு வீட்டில் எழும். அந்தச் சொல்லோடு எல்லாபிரகத சுப்பாராவின் பெயரை நினைப்பவர் அரிது.

1895-இல் பீமவரத்தில் பிறந்த அவர், மெட்ரிக் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னையில் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தகுதி குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். அமெரிக்கா சென்றதும் மருத்துவமனையில் இரவுநேர ஊழியராகப் பணியாற்றி வயிற்றைக் கழுவினார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை வகுத்தார். உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யையும் பிரித்தறிந்தார். அங்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார்.

அதே ஆண்டில் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள் ஒரு புதிரை எழுதிவைத்தனர். இரவில் இருமல், இழுப்பு, காசம் போலவே தோன்றும் எக்ஸ்ரே படம். ஆனால் காசக் கிருமி இல்லை, ஈசினோபில் மட்டும் மிகுதி. 1943-இல் வெயின்கார்ட்டன் இதற்கு 'வெப்பமண்டல ஈசினோபீலியா' என்று பெயரிட்டார். அவர் கையாண்ட மருந்து ஆர்செனிக், அதாவது பாஷாணம்!

இந்த அணுவின் துகள்களுக்குள் நேர்மின்னேற்றம் கொண்ட புரதங்கள் உள்ளன. புழுவின் தோலில் ஒட்டி அதைத் துளைப்பது அவற்றின் வேலை. யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் நுரையீரலில் சிக்கும்போது ஈசினோபில்கள் அங்கே திரண்டு அப்புரதங்களைக் கொட்டுகின்றன. புழுவோடு நுரையீரலின் மென்சவ்வும் புண்படுகிறது. அந்த இருமலுக்குக் காரணம் உடலின் தற்காப்பே என்பது பிற்கால ஆய்வுகளில்தான் தெளிந்தது.

1947-இல் சுப்பாராவின் குழு யானைக்கால் நோய்க்கென டைஎத்தில்கார்பமசைனை வெளியிட்டது. வியப்பு என்னவென்றால், சோதனைக் குழாயில் இம்மருந்து புழுவை அவ்வளவாகக் கொல்வதில்லை; உடலின் எதிர்ப்பு அணுக்களுக்குப் புழுவைக் காட்டிக்கொடுக்கிறது.

மறு ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், நியூயார்க்கில் சுப்பாராவ் மறைந்தார். அமெரிக்கக் குடியுரிமையை அவர் பெறவேயில்லை. 1950-களில்தான் இந்திய மருத்துவர்கள் இம்மருந்தை அந்த இருமலுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பாஷாண ஊசி விடைபெற்றது. ஈசினோபில் கூடுவதெல்லாம் இந்நோய் அல்ல. ஒவ்வாமையும் குடற்புழுவும் கூடக் காரணமாகலாம். இந்நோய்தான் என்று உறுதியானால், மருத்துவர் எழுதித்தருவது பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு அதே மாத்திரை.