600 வீரர்களைக் கொடுத்து 151 பீங்கான் வாங்கிய மன்னர்: யார் இந்த அகஸ்டஸ்?

ஜெர்மனியின் ட்ரெஸ்டன் அருங்காட்சியகத்தில் மூடியோடு சேர்த்து சுமார் ஒரு மீட்டர் உயரம் வரும் சீன ஜாடிகள் சில இருக்கின்றன. வெள்ளைப் பீங்கானில் நீலச் சித்திரம். பெயர் 'டிராகூன் ஜாடிகள்'. டிராகூன் என்றால் குதிரைப்படை வீரர். ஜாடிக்கும் வீரருக்கும் என்ன சம்பந்தம்? அதுக்குக் கொடுத்த விலையே அவங்கதான்!

சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் 1717-ல் தன் குதிரைப்படையிலிருந்து 600 பேரை பிரஷ்ய மன்னர் முதலாம் பிரெடெரிக் வில்லியத்திடம் ஒப்படைத்தார். குதிரையும் ஆயுதமும் சேர்த்தி இல்லை, ஆட்கள் மட்டும். பதிலுக்கு பிரஷ்ய அரண்மனைகளிலிருந்து 151 பீங்கான் பொருட்கள் வந்தன. கணக்குப் போட்டால் ஒரு பாத்திரத்துக்கு ஏறக்குறைய நாலு ஆள். பிரஷ்ய மன்னருக்கு ராணுவம்தான் உயிர், பீங்கான் அலங்காரச் செலவு. அவருக்கு இது கொழுத்த லாபம்.

அகஸ்டஸ் 1670-ல் பிறந்தவர். அண்ணன் இறந்ததால் 1694-ல் ஆட்சி கைக்கு வந்தது. போலந்து மன்னராவதற்காக மதம் மாறினார். 1697-ல் முடி சூடினார். ஸ்வீடனுடன் நடந்த போரில் அந்த முடியை இழந்து, 1709-ல் மீட்டார். இத்தனை அமளியிலும் பீங்கான் வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

அப்படி என்ன அதில்? சீனாவின் ஜிங்டெசென் ஊர்க் குயவர்கள் சுடாத மண்ணின்மேல் கோபால்ட் நீலத்தால் வரைந்து, அதன்மேல் மெருகு பூசி, சுமார் 1,300 டிகிரி சூட்டில் சுடுவார்கள். நீலம் கண்ணாடிப் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. ஐரோப்பாவில் யாருக்கும் இந்த வித்தை தெரியாது. கப்பல்கள் கொண்டுவந்தால்தான் உண்டு.

வாங்கி மாளவில்லை என்று, செய்யவும் இறங்கினார் அகஸ்டஸ். தங்கம் செய்வேன் என்று சொல்லித் திரிந்த பாட்கர் என்ற இளைஞரைப் பிடித்துக் காவலில் வைத்திருந்தார். தங்கம் வரவில்லை. ஆனால் அறிஞர் ஷிர்ன்ஹவுஸுடன் சேர்ந்து 1708-ல் அவர் வெள்ளைப் பீங்கானைக் கண்டுபிடித்தார். 1710-ல் மைசன் ஆலை பிறந்தது. நீலம்தான் ரொம்பப் படுத்தியது. கோபால்ட் சாக்சனி மலைகளிலேயே கிடைத்தும், அது கைகூட 1720 வாக்கில் ஆனது. பாட்கர் 1719-லேயே 37 வயதில் இறந்துவிட்டார்.

சொந்த ஆலை வந்தும் சீனப் பீங்கான் மோகம் தணியவில்லை. அதற்கென்றே 1717-ல் ஒரு மாளிகை வாங்கினார். 1721-ல் கணக்கெடுப்பு தொடங்கி, ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் எண்ணும் குறியும் பொறிக்கப்பட்டன. நீல வெள்ளைச் சீனப் பீங்கானுக்கு அலைக்கோடு, ஜப்பானியப் பீங்கானுக்குச் சிலுவை. 1733-ல் வார்சாவில் அவர் இறந்தபோது, மைசன் சரக்கையும் சேர்த்து 35,000-க்கு மேல் இருந்தன. உடல் போலந்தில் புதைக்கப்பட்டது. இதயம் மட்டும் ட்ரெஸ்டன் வந்தது.

அந்த 600 பேரைக் கொண்டு உருவான பிரஷ்யப் படைப்பிரிவுக்கு 'பீங்கான் ரெஜிமென்ட்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. இரு மன்னர்களும் போன பிறகு, 1756-ல் பிரஷ்யப் படை ட்ரெஸ்டனுக்குள்ளேயே நுழைந்தது. எதிர்த்து நிற்க சாக்சனியிடம் போதுமான ஆட்கள் இல்லை. ஜாடிகள் இருந்தன.