காலுக்கு ஏற்ற செருப்பு, கைக்கு ஏற்ற மட்டை!

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒருவர் புதிதாக ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டார். அதில் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை.

வேறு ஒருவராக இருந்தால், இது நமக்கு வராது என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை. குற்றம் கையில் மட்டும் இல்லை, மட்டையிலும் இருக்கிறது என்று கண்டார். தாமே ஒரு மட்டை செய்தார். அந்த மட்டை உலகம் முழுவதும் பரவியது.

அவர் பெயர் கார்ஸ்டன் சோல்ஹைம்.

செருப்புத் தொழிலாளியின் மகன்

நார்வே நாட்டில் பெர்கன் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1911ம் ஆண்டு செப்டம்பர் 15ந் தேதி கார்ஸ்டன் பிறந்தார். தகப்பனார் செருப்புத் தைக்கும் தொழிலாளி.

கார்ஸ்டன் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போயிற்று. சியாட்டில் நகரில் குடியேறியது. அங்கும் தகப்பனாருக்குச் செருப்புத் தொழில்தான் கைகொடுத்தது.

கார்ஸ்டனுக்கு என்ஜினீயர் ஆக வேண்டும் என்று ஆசை. வாஷிங்டன் சர்வகலாசாலையில் சேர்ந்தார். அப்போது அமெரிக்காவில் பெரிய பண நெருக்கடி. படிப்புக்குப் பணம் இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு, பூட்ஸ் கடைக்கே திரும்பினார்.

1936ம் ஆண்டில் லூயிஸ் என்ற பெண்ணை மணந்தார். குடும்பம் பெருகியது. வருமானம் போதவில்லை. சமையல் பாத்திரங்கள் விற்கும் வேலையையும் செய்தார்.

ஆனால் படிப்பு ஆசை அணையவில்லை. இரண்டாவது உலக யுத்தம் வந்தது. ஆகாய விமானத் தொழிலுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். கார்ஸ்டன் விட்ட படிப்பைத் தொடர்ந்தார். விமானக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஜெட் விமானம், ராக்கெட் என்று பெரிய வேலைகளில் அவர் பங்கு கொண்டார்.

1953ம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் சேர்ந்தார்.

நாலாவது ஆள்

கம்பெனியில் உடன் வேலை பார்த்தவர்கள் கோல்ப் ஆடுவார்கள். 1954ம் ஆண்டில் கார்ஸ்டனையும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது 42 வயது.

கோல்ப் விளையாட்டில் பந்து சிறியது. மைதானம் மிகப் பெரியது. மொத்தம் 18 குழிகள். பந்தை அடித்து அடித்துக் கொண்டுபோய் ஒவ்வொரு குழியிலும் போட வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி.

ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். வெகு தூரம் அடிக்க ஒருவகை மட்டை. நடுத் தூரத்துக்கு இரும்பு மட்டைகள். குழிக்கு அருகில் வந்தபின் பந்தை மெதுவாக உருட்டிவிட ஒரு மட்டை.

இரும்பு மட்டைகளுக்கு நம்பர் உண்டு. சின்ன நம்பர் மட்டையின் முகம் செங்குத்தாக இருக்கும், தண்டு நீளம், பந்து தாழ்வாக, தூரமாகப் போகும். பெரிய நம்பர் மட்டையின் முகம் மல்லாந்து இருக்கும், தண்டு குட்டை, பந்து உயரமாக எழுந்து, அருகிலேயே விழும்.

கார்ஸ்டன் தூர அடிகளை எப்படியோ சமாளித்தார். குழிக்கு அருகில் வந்தால் வம்புதான். பந்து உள்ளே போகாமல் விலகிப் போகும். ஏன் என்று அவருடைய என்ஜினீயர் மூளை கேட்டது.

காவடித் தத்துவம்

அந்தக் கால மட்டைகளில் தலையின் நடுவில்தான் எடை இருந்தது. நடுவில் பட்டால் பந்து நேரே போகும். சற்றுத் தள்ளிப் பட்டால் தலை திரும்பிவிடும். பந்தும் வழி மாறும்.

எடையை நடுவில் இருந்து எடுத்து, இரண்டு ஓரங்களிலும் வைத்தால் என்ன? இதுதான் கார்ஸ்டன் கண்ட உண்மை.

இது நமக்குத் தெரிந்த விஷயம்தான். ஒரு மூங்கில் கழியின் நடுவில் இரண்டு குடம் தண்ணீரையும் கட்டித் தோளில் வைத்துக்கொண்டால், சட்டென்று இடமும் வலமும் திருப்பிவிடலாம். அதே குடங்களைக் கழியின் இரு முனைகளிலும் தொங்கவிட்டால், அவ்வளவு எளிதில் திருப்ப முடியாது. மட்டையின் தலையும் அப்படித்தான். ஓரங்களில் எடை இருந்தால், பந்து தவறிய இடத்தில் பட்டாலும் அது அதிகம் திரும்பாது.

சர்க்கரைக் கட்டிகளையும் ஐஸ் குச்சிகளையும் ஒட்டி மாதிரி செய்து பார்த்தார் கார்ஸ்டன். பிறகு 1959ம் ஆண்டில், கலிபோர்னியாவில் தம் வீட்டு மோட்டார் கொட்டகையில் உண்மையான மட்டையைச் செய்தார்.

பந்தில் பட்டதும் அது "பிங்" என்று ஒலித்தது. அதுவே அதன் பெயர் ஆயிற்று.

கேலி செய்தார்கள்

கார்ஸ்டன் பந்தயங்கள் நடக்கும் இடங்களுக்கெல்லாம் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். பெரிய ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். பார்க்க அழகாக இல்லை என்றார்கள். ஓசையைக் கேலி செய்தார்கள்.

அவர் மனம் தளரவில்லை. 1962ம் ஆண்டில் ஜான் பார்னம் என்ற ஆட்டக்காரர் பிங் மட்டையுடன் ஒரு பெரிய பந்தயத்தில் வெற்றி பெற்றார். கேலி குறைந்தது.

1966ம் ஆண்டில் ஒரு புதிய எண்ணம் உதித்தது. பக்கத்தில் காகிதம் இல்லை. கிராமபோன் இசைத்தட்டின் உறையிலேயே படம் போட்டார். அந்த மட்டைக்கு "ஆன்சர்" என்று பெயர் சொன்னவர் மனைவி லூயிஸ். விடை என்று பொருள். மட்டையில் பொறிக்க இடம் போதவில்லை. ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிடும்படி சொன்னவரும் அவரே!

அடுத்த ஆண்டு, 1967ல், கார்ஸ்டன் நிரந்தர உத்தியோகத்தை விட்டார். வயது 55. ஓய்வு எடுக்கும் வயதில் அவர் புதுத் தொழிலில் இறங்கினார். பீனிக்ஸ் நகரில் தொழிற்சாலை எழுந்தது. லூயிஸ் துணை நின்றார். பிள்ளைகளும் வேலை செய்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே மட்டையா?

பிறகு அவர் இரும்பு மட்டைகளில் கவனம் செலுத்தினார்.

அதுவரை நல்ல இரும்பு மட்டை என்றால், காய்ச்சி அடித்து உருவாக்கிய மெல்லிய தகடு போன்ற மட்டைதான். கைதேர்ந்தவருக்கு அது பொன். புதிதாகப் பழகுகிறவருக்கோ அது தண்டனை. சற்றுத் தவறினால் கையே அதிரும்.

கார்ஸ்டன் மட்டையின் முதுகைக் குடைந்தார். குடைந்த எடையைச் சுற்று ஓரங்களில் வைத்தார். இந்த உருவத்தை அடித்துச் செய்வது கடினம். அதனால் மெழுகில் அச்சு எடுத்து உலோகத்தை வார்க்கும் முறையைக் கையாண்டார். சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்ப்பதும் மெழுகு முறையில்தான். 1969ம் ஆண்டில் அந்த மட்டைகள் வெளிவந்தன.

இன்னொரு குறையும் அவர் கண்ணில் பட்டது. ஆட்டக்காரர்களில் உயரமானவர் உண்டு, குள்ளமானவர் உண்டு. ஒருவர் கை நீளம், ஒருவர் கை குட்டை. ஆனால் கடையில் எல்லோருக்கும் ஒரே சாய்வுள்ள மட்டை!

பூட்ஸ் கடையில் இது நடக்குமா? கடைக்காரர் முதலில் காலை அளப்பார். பிறகுதான் ஜோடியை எடுப்பார். கோல்ப் மட்டைத் தலையின் பாகங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களும் குதிகால், கால்விரல், உள்ளங்கால் என்பவையே. அந்த உள்ளங்கால் தரையில் சமமாகப் பதிய வேண்டும்.

பதியாவிட்டால் என்ன ஆகும்? வலக்கை ஆட்டக்காரரின் மட்டையில் விரல் பக்கம் தரையில் இடித்தால், பந்து வலப்புறம் ஒதுங்கும். குதிகால் பக்கம் இடித்தால், இடப்புறம் ஒதுங்கும். அடித்தவர் தம்மையே நொந்துகொள்வார்.

1972ம் ஆண்டில் கார்ஸ்டன் இதற்கு வழி செய்தார். ஆட்டக்காரரின் உயரத்தையும், மணிக்கட்டில் இருந்து தரை வரை உள்ள தூரத்தையும் அளந்து, ஏற்ற மட்டையைக் கொடுக்கலாம் என்றார். மட்டையில் வண்ணப் புள்ளி வைத்தார். கறுப்புப் புள்ளி நடுத்தர அளவு. நீலம் என்றால் தண்டு சற்று நிமிர்ந்திருக்கும். சிவப்பு என்றால் சற்றுப் படுத்திருக்கும்.

யாருக்கு எது?

இன்றும் இரும்பு மட்டை வாங்குகிறவர்களுக்கு அவர் காட்டிய வழியே வழி.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முதுகு குடைந்த, உள்ளங்கால் அகன்ற மட்டை நல்லது. தவறிய அடியையும் அது ஓரளவு காப்பாற்றும். சின்ன நம்பர் மட்டைகளுக்கு அவர்கள் அவசரப்பட வேண்டாம். அவற்றை அடிப்பதுதான் மிகவும் கஷ்டம். மெதுவாக வீசுகிறவர்களுக்கு எடை குறைந்த, வளைந்துகொடுக்கும் தண்டு உதவும். வேகமாக வீசுகிறவர்களுக்கு விறைப்பான தண்டு தேவை.

நன்றாகப் பழகியவர்கள் தகடு மட்டையை விரும்பலாம். பந்தை இடமும் வலமும் வளைத்து அடிக்கவும், அடி எங்கே பட்டது என்று கையால் உணரவும் அது இடம் கொடுக்கும்.

பெரிய ஆட்டக்காரர் வைத்திருக்கிறார் என்று அதே மட்டையை வாங்குவது, பயில்வானின் செருப்பைப் பையன் மாட்டிக்கொள்வது போலத்தான்!

வழக்கு

1982ம் ஆண்டில் கார்ஸ்டனின் "ஐ2" என்ற இரும்பு மட்டை வந்தது. விற்பனை கொடிகட்டிப் பறந்தது. கூடவே சோதனையும் வந்தது.

இரும்பு மட்டையின் முகத்தில் வரி வரியாகப் பள்ளங்கள் இருக்கும். பந்து சுழல்வதற்கு அவை உதவும். ஐ2 மட்டையின் பள்ளங்கள் விதிக்குப் பொருந்தவில்லை என்று அமெரிக்க கோல்ப் சங்கம் சொன்னது. வித்தியாசம் தலைமயிர் அளவுதான். ஆனாலும் விதி விதிதான் என்றது சங்கம். அளக்கும் முறையே தவறு என்றார் கார்ஸ்டன்.

விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. தோற்றால், லட்சக்கணக்கானவர்கள் வாங்கிய மட்டைகள் பந்தயத்துக்கு உதவாது. அவர் பெயரும் கெடும். வயதோ எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

1990ம் ஆண்டில் சங்கத்துடன் சமரசம் ஏற்பட்டது. ஏற்கெனவே விற்ற மட்டைகள் செல்லும். இனிச் செய்பவை சங்கத்தின் அளவுப்படி இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. தொழில்முறை ஆட்டக்காரர்களின் அமைப்புடன் இருந்த வழக்கும் 1993ம் ஆண்டில் சமரசத்தில் முடிந்தது.

அந்த 1990ம் ஆண்டிலேயே அவர் குடும்பத்தின் ஆதரவில் பெண்களுக்கான பெரிய கோல்ப் பந்தயம் தொடங்கியது. அமெரிக்கப் பெண்களும் ஐரோப்பியப் பெண்களும் மோதும் அந்தப் பந்தயத்துக்குச் சோல்ஹைம் கோப்பை என்று பெயர்.

2000ம் ஆண்டு பிப்ரவரி 16ந் தேதி பீனிக்ஸ் நகரில் கார்ஸ்டன் காலமானார். வயது 88. மறு ஆண்டு, உலக கோல்ப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம் பெற்றது.

கார்ஸ்டன் பெரிய கோல்ப் வீரர் அல்ல. சாதாரண ஆட்டக்காரர்தான். அதனால்தான் சாதாரண ஆட்டக்காரரின் கஷ்டம் அவருக்குத் தெரிந்தது. தோற்பவரைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. அவர் கையை அளந்தார்.

முதுகு குடைந்த இரும்பு மட்டையைப் பல கம்பெனிகள் இன்று செய்கின்றன. அதைப் பிடித்து முதல் பந்தை நேராக அடிக்கும் ஒவ்வொருவரின் மகிழ்ச்சியிலும், அந்தச் செருப்புத் தொழிலாளியின் மகனுக்கு ஒரு பங்கு உண்டு.