கிரகாம் பெல்லும் உலோகங்காணும் கருவியும்

தொலைபேசியைக் கண்டவர் என உலகம் போற்றும் அலெக்சாந்தர் கிரகாம் பெல், 1847-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். அன்னையார் செவிப்புலன் குன்றியவர். தந்தையார் பேச்சுக்கலை வல்லுநர். பெல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் காது கேளாதோர்க்கு ஆசிரியராக விளங்கினார். 1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். இதனை யாவரும் அறிவர். ஐந்தாண்டு கழித்து, ஓர் உயிரைக் காக்க அவர் இரவும் பகலும் உழைத்த வரலாற்றை அறிந்தோர் சிலரே.

1881 ஜூலை 2-ஆம் நாள், வாஷிங்டன் புகைவண்டி நிலையத்தில் குடியரசுத் தலைவர் கார்பீல்டைக் கொடியோன் ஒருவன் சுட்டான். முதுகிற் பாய்ந்த குண்டு உடலினுள்ளே தங்கிவிட்டது. எக்ஸ் கதிர்கள் கண்டறியப்படாத காலம் அது. மருத்துவர்கள் தூய்மை செய்யாத விரல்களால் புண்ணைத் துழாவினர், குண்டு அகப்படவில்லை.

செய்தியறிந்த பெல் ஒரு கருவியை அமைத்தார். மின்னோட்டம் பாயும் கம்பிச் சுருள்கள் சமநிலையில் இருக்கும்வரை, அவற்றோடு இணைத்த தொலைபேசிக் குழலில் ஓசை எழாது. உலோகம் அணுகினால் சமநிலை குலைந்து ஓசை கேட்கும். உள்நாட்டுப் போரில் பட்ட குண்டை உடலிலேயே தாங்கி வாழ்ந்த முதிய வீரரிடம் சோதித்தபோது, கருவி குண்டின் இடத்தைச் சரியாகக் காட்டிற்று.

ஜூலை 26-ஆம் நாள் வெள்ளை மாளிகையில் முதற் சோதனை நடந்தது. குழலில் இரைச்சலே மிகுந்தது. கருவியின் ஓர் உறுப்பைத் தவறாக இணைத்திருந்தனர். ஆகஸ்டு முதல் நாளன்று மீண்டும் முயன்றார். அன்றோ ஓரிடத்தில் மட்டும் எழவேண்டிய ஓசை பரந்த இடமெங்கும் எழுந்தது! நோயாளியின் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளாலான மற்றொரு மெத்தை இருந்தமை மறுநாளே தெரிந்தது. அதுவன்றி, குண்டு வலப்பக்கத்தில் உள்ளது எனத் தலைமை மருத்துவர் உறுதியாக நம்பியதால், அப்பக்கமே ஆராயப்பட்டது. இன்றும் இத்தகைய கருவிகொண்டு பொன் தேடுவோரைத் துருப்பிடித்த ஆணியும் இரும்புச்சத்து மிகுந்த மண்ணும் இவ்வாறே மயக்குகின்றன.

அத்திங்களிலேயே பெல்லுக்குப் பிறந்த ஆண் மகவு மூச்சுத் திணறிச் சில மணி நேரத்தில் இறந்தது. அத்துயரிடையேயும் அவர் கருவியைத் திருத்தி வந்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. செப்டம்பர் 19-ஆம் நாள் கார்பீல்டு உயிர் நீத்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு இடப்பக்கத்தில், கணையத்தின் அருகே கிடந்தது.

மகவின் மறைவுக்குப்பின், மூச்சுவிட இயலாதார்க்கு உதவும் உலோகச் சட்டை ஒன்றைப் பெல் வகுத்தார். 1922 ஆகஸ்டு 2-ஆம் நாள் கனடாவில் இயற்கை எய்தினார். அவரை அடக்கம் செய்த வேளையில், வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஒலியடங்கி நின்றன.