நம் கல்லூரி தந்த மருத்துவ மாமணி

சித்தன்னவாசல் என்றதும் எல்லாருடைய நினைவுக்கும் வருவது அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியம். அதே குன்றில் ஏழடிப்பட்டம் என்னுமிடத்தில் சமணத் துறவியர் வாழ்ந்த கற்படுக்கைகளும் உண்டு. உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி ஆகிய நான்கையும் தலையாய தானங்களாகப் போற்றியது சமண சமயம். மருந்தைக் கொடையாகப் பெற்ற காலம் அது. உரிமையாகக் கேட்கும் காலம் இது. இவ்விரண்டுக்கும் பாலமாக நின்ற ஒருவரைப் புதுக்கோட்டை மண்ணே ஈன்றது. அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். சித்தன்னவாசலிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி, அம்மையார் பயின்ற இம்மன்னர் கல்லூரிக்கு வரும் நான், அவர் வரலாற்றை எழுதுவதைப் பெரும்பேறாகக் கருதுகிறேன்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாகப் பிறந்தார். தந்தையார் இக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் தேவதாசி மரபினர். ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் ஒரு பெண் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழாமலா இருக்கும்? எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் புறந்தள்ளி இடம் அளித்தார், உதவித்தொகையும் வழங்கினார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அம்மையார் 1912இல் பட்டம் பெற்று வெளிவந்தார். பின்னர் 1925இல், அரசின் உதவியுடன் இங்கிலாந்து சென்று பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிப் பயின்றார். அறிவும் உழைப்பும் அவருடையவை. அவை பயன்தர வழிசெய்தது பொதுப்பணம். இதை நாம் மறத்தலாகாது.

பெற்ற உதவியை அவர் நாட்டுக்கே திருப்பித் தந்தார். 1926இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார். குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவ வசதி வேண்டுமென்று அம்மன்றத்தில் வாதாடினார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அதற்கான சட்டம் 1947இல் நிறைவேறியது. உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. மக்களிடம் நிதி திரட்டி, 1954இல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அம்மையார் மறைந்தார்.

மறைந்தபின்னும் அவர் பெயர் எங்கள் ஊர்ப்பக்கம் நடமாடிக்கொண்டிருக்கிறது. 1987இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்று அவர் பெயரைத் தாங்கி, ஏழைத் தாய்மாருக்கு 18,000 ரூபாய் அளவுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பொருள்களும் வழங்குகிறது. அதற்குக் கருவுற்றோரைப் பதிவு செய்பவர் கிராம சுகாதார செவிலியர். எங்கள் மக்கள் வாயில் அவர் நர்ஸம்மா. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கணக்கு எளிது, சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு வெயிலில் போய்வருவது எளிதன்று.

நர்ஸம்மாவுக்காவது அரசு ஊதியம் உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, வீடு தேடி மாத்திரை தரும் பெண்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகையே. 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் கொணர்ந்த ஆஷா பணியாளர் நிலையும் அதுவே. 1977இல் நடுவண் அரசு வகுத்த சமுதாய நலத் தொண்டர் திட்டத்திலும் மாதம் 50 ரூபாய்தான் மதிப்பூதியம். தொண்டர் என்ற பெயர் இனிக்கிறது. அடுப்பு எரிய அப்பெயர் போதுமா? அவர்கள் சோர்ந்து விலகினால், மாத்திரை நின்றுபோவது நடக்கவியலாத முதியோருக்குத்தானே?

மருத்துவமனைக் கட்டடத்திற்குப் பணம் ஒதுக்கினால் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஊர் ஊராக நடக்கும் கால்களுக்கு ஒதுக்கும் பணம் அவ்வாறு தெரிவதில்லை. ஆயினும் ஒரு பெண்ணின் படிப்புக்கு அன்று தந்த பணம் எத்துணைப் பெரிய விளைச்சலைத் தந்தது என்பதற்கு அம்மையாரின் வாழ்வே சான்று. அவர் பெயரால் திட்டம் நடத்தும் நாம், நலவாழ்வுப் பணியாளர் அனைவருக்கும் நிலையான ஊதியம் கேட்பதே அவருக்குச் செய்யும் நன்றி. அவர் பயின்ற கல்லூரியில் பயிலும் நாம் அதைக் கேட்காவிடில் வேறு யார் கேட்பார்?