குறிப்பேடு காத்த உண்மை

மழலைச்சொல் கேளாத இல்லங்களின் துயரை மருத்துவத்தால் போக்க முயன்றவர் சுபாஷ் முகோபாத்யாய். 1931 ஜனவரி 16இல் ஹசாரிபாக்கில் பிறந்த அவர், கொல்கத்தாவில் மருத்துவம் பயின்றார். கொல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் எடின்பரோவிலும் முனைவர் பட்டங்கள் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

கருக்குழாய் பழுதுற்ற பெண் இயல்பாகக் கருத்தரிப்பது அரிது. கருமுட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, கருப்பையில் வைத்தலே அவருக்குரிய வழி. ஆனால், சினைப்பையில் திங்கள்தோறும் பெரும்பாலும் ஒரு முட்டையே முதிர்கிறது. அது தவறினால் முயற்சி முழுதும் வீணாகும். எனவே, மாதவிடாய் நின்ற மகளிரின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஹார்மோனை ஊசிவழிச் செலுத்திச் சினைப்பையைத் தூண்டினார் சுபாஷ். முட்டைகள் பல ஒருசேர முதிர்ந்தன. எனினும், அத்தூண்டுதலால் கருப்பையின் உட்படலம் கருவை ஏற்கும் நிலையை இழக்கக்கூடும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். ஆதலால், சுனீத் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகியோரின் துணையோடு கருக்களை உறையவைத்துக் காத்தார். கருப்பை இயல்புநிலைக்கு மீண்ட பின்னரே அவற்றை உள்ளே வைத்தார்.

1978 அக்டோபர் 3இல் பெண்குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அன்று பத்து வாரங்களே ஆகியிருந்தன. அங்குப் பயன்பட்டதோ, தூண்டுதலின்றி இயல்பாக முதிர்ந்த ஒற்றை முட்டை.

பாராட்டுக்கு மாறாக ஐயமே சுபாஷை வந்தடைந்தது. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்க மறுத்தது. ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தும், அங்குச் சென்று ஆய்வை விளக்க அனுமதி கிட்டவில்லை. 1981இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு அவர் மாற்றப்பட்டார். அவ்வாண்டு ஜூன் 19இல் அவர் வாழ்வு துயர முடிவெய்தியது. அப்போது அவருக்கு வயது ஐம்பது.

1986இல் மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனப் பதிவாயிற்று. அம்முயற்சியை வழிநடத்தியோருள் ஒருவரான அறிவியலாளர் டி.சி. ஆனந்தகுமார், சுபாஷ் விட்டுச்சென்ற கையெழுத்துக் குறிப்புகளைப் பின்னாளில் படித்தார். அவற்றின் உண்மையை உணர்ந்ததும், முதன்மைச் சிறப்பு சுபாஷுக்கே உரியது என்று 1997இல் உலகறிய எழுதினார். அதனால் தம் பெருமை குறையும் என்று அவர் தயங்கவில்லை.

சினைப்பையைத் தூண்டுதல், கருவை உறையவைத்தல், உரிய காலம்வரை காத்திருத்தல் ஆகியன இன்று குழந்தைப்பேற்று மருத்துவத்தில் வழக்கமாகிவிட்டன. அம்முறையால் பெற்றோரானவர்கள் எண்ணற்றோர். சுபாஷ் உயிரோடிருந்தபோது கிட்டாத நீதியை, அவர் எழுதிவைத்த குறிப்புகளும் அவற்றைப் படித்த ஒருவரின் நேர்மையும் பெற்றுத்தந்தன.