'அமேசிங் கிரேஸ்' எழுதியவர் அடிமை வியாபாரியா? ஜான் நியூட்டன் மாற 40 ஆண்டுகள் ஆனது ஏன்?

'அமேசிங் கிரேஸ்' பாட்டை சர்ச்சில் கேட்டிருப்பீங்க, இல்லைன்னா ஏதாவது ஒரு ஹாலிவுட் படத்தின் இறுதிச் சடங்கு காட்சியிலாவது கேட்டிருப்பீங்க. எழுதியவர் ஜான் நியூட்டன், முன்னாள் அடிமைக் கப்பல் கேப்டன். புயலில் சிக்கினார், மனம் மாறினார், தொழிலை விட்டார் என்றுதான் பலரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நடந்தது வேற.

1725-ல் லண்டனில் பிறந்தவர். 11 வயதிலேயே கடலுக்குப் போனார். கடற்படையிலிருந்து தப்பி ஓடப் பார்த்து கசையடி வாங்கினார். 1748 மார்ச்சில் அவர் இருந்த 'கிரேஹவுண்ட்' கப்பல் அட்லான்டிக் புயலில் சிக்கி, உள்ளே தண்ணீர் புகுந்தது. மணிக்கணக்கில் பம்ப் அடித்தார், கடவுளைக் கூப்பிட்டார், பிழைத்தார். ஆயுள் முழுக்க அந்த நாளை அவர் மறக்கவில்லை.

சரி, அப்புறம்? அதே ஆண்டு ஒரு அடிமைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார்!

1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களுக்கு அவரே கேப்டன். ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு ஜெபம் நடத்துவார். கீழ்தளத்தில் ஆப்பிரிக்கர்கள் சங்கிலியில் கிடப்பார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகித்த சிறுவர்களிடம் உண்மையை வாங்க, கட்டைவிரலை நசுக்கும் கருவியைப் பயன்படுத்தியதை அவரே கப்பல் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஜெபமும் நிஜம், இதுவும் நிஜம். இரண்டும் மோதுவதாக அன்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் அவரைக் கரையேற்றியது மனசாட்சி அல்ல. 1754-ல் திடீரென வந்த உடல்நலக் குறைவுதான்.

1764-ல் ஆங்கிலிகன் பாதிரியார் ஆனார். 'அமேசிங் கிரேஸ்' 1773 புத்தாண்டுப் பிரசங்கத்துக்காக எழுதியது. அப்போதும் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பொதுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அது சட்டப்படி நடந்த, கௌரவமான தொழில். சர்ச்சுக்குப் போகிறவர்களே அதில் பணம் போட்டார்கள். இது அவரது மௌனத்துக்குக் காரணம் சொல்லலாம், நியாயம் சொல்லாது. புயலில் மனம் திரும்ப ஒரு நாள் போதுமாக இருந்தது. இயேசுவின் சீடனாக வாழ்வதில் அந்தக் கீழ்தளமும் அடக்கம் என்பதைச் சொல்ல 40 ஆண்டுகள் ஆனது.

1788-ல்தான் வாய் திறந்தார். தான் பார்த்ததையும் செய்ததையும் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இந்த ஒப்புதல் ரொம்பத் தாமதம் என்பதையும் அதிலேயே எழுதினார். பிறகு நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் போராடிய எம்.பி. வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், அவரிடம் ஆலோசனை கேட்டு வந்தவர்தான்.

1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அப்போது நியூட்டனுக்குப் பார்வை கிட்டத்தட்ட போயிருந்தது. அதே டிசம்பரில், 82 வயதில் இறந்தார்.