தாது வருஷத்து வைத்தியர்

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பேசுவோர் லிட்டன் பிரபுவைச் சபிப்பர். ஸர் ரிச்சர்டு டெம்பிளை ஏசுவர். அது நியாயமே. ஆனால் அதே ஸர்க்காரிடம் சம்பளம் பெற்றுக்கொண்டே அதனோடு வழக்காடிய டாக்டர் கார்னிஷை நம்மவர் மறந்துவிடலாகாது.

வில்லியம் ராபர்ட் கார்னிஷ் சென்னை ராஜதானி வைத்திய இலாகாவில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர். 1870-ல் வாந்திபேதி தென்னாட்டில் பரவிய விதத்தை ஆராய்ந்து நூல் எழுதினார். 1871-ம் வருஷத்து ஜனக்கணக்கு அறிக்கையும் அவர் எழுதியதே. எண்ணத் தெரிந்த வைத்தியர்! பின்னால் அதுவே அவருக்கு ஆயுதமாயிற்று.

1876-ல் மழை பொய்த்தது. கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களின் குடியானவர்கள் ஊரைவிட்டு அலைந்தனர். திருப்பூர் வழியாக ரயில் ஓடத் தொடங்கிப் பல வருஷமாகிவிட்டது. ரயில் இருந்தும் ஏழைக்குத் தானியம் எட்டவில்லை. குளங்கள் வற்றின, எஞ்சிய குட்டை நீரையே எல்லோரும் குடித்தனர். வாந்திபேதி புகுந்தது.

1877 ஜனவரியில் வந்த டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதுமென்றார். 1874-ல் பீஹாரில் தாராளமாய்ச் செலவிட்டு உயிர்களைக் காத்தவரும் இவரே. அதற்காக வசைகேட்டு, மறுபுறம் சாய்ந்துவிட்டார் போலும்!

சுகாதாரக் கமிஷனரான கார்னிஷ் இதை எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு 1½ ராத்தல் தானியமும், பருப்பு, காய்கறியும் வேண்டுமென்றார். கோர்ட்டில் வாதாடிப் பழகிய நமக்கு அவருடைய முறை வியப்பளிக்கிறது. தருமத்தை மட்டும் சொல்லி அவர் இரக்கவில்லை. உடலின் தேவையையும் மரணக் கணக்கையும் சாட்சிகளாக நிறுத்தினார். வாந்திபேதிக் கிருமியைக் காக் என்ற ஜெர்மானியர் பிரித்தறிந்தது 1884-ல்தான். பட்டினியால் இரைப்பையின் அமிலம் குன்றினால் அக்கிருமி எளிதில் பற்றுமென்பது பிற்காலத்து அறிவு. அது தெரியாமலே கார்னிஷ் சோற்றை மருந்தாகக் கேட்டார்.

சில மாதங்களில் படி 1¼ ராத்தலாகவும் சிறிது பருப்பாகவும் உயர்ந்தது. பாதி வெற்றிதான், அதுவும் காலங்கடந்தது. 1877-ல் மட்டும் ராஜதானியில் வாந்திபேதிக்குச் சுமார் 3½ லட்சம் பேர் பலியாயினர்.

டெம்பிள் அவ்வருஷமே பம்பாய்க் கவர்னரானார். கார்னிஷ் சென்னையிலேயே இருந்து, பிற்பாடு சர்ஜன் ஜெனரலானார்.